54ன்னா என்ன சார்? சைக்கிள் ஃப்ரேம் சைஸின் கதை

1/
போன வருஷம், ஒரு திங்கட்கிழமை ஓபி. வழக்கம்போல நிற்க இடமில்லாத கூட்டம். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண், அப்பாவோடு வந்து உட்கார்ந்தாள். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

"வலது கையில மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகுது சார். பரீட்சையில மூணு பக்கத்துக்கு மேல எழுத முடியல. பேனா நழுவுது."

2/
கீழே விழவில்லை. கழுத்து வலி இல்லை. சுகர் இல்லை. மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் ஒரு ஓபி சீட்டை வைத்து இறுக்கிப் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். இடது கையில் சீட்டு கிழிகிற மாதிரி நின்றது. வலது கையில் சுலபமாக உருவிக்கொண்டு வந்துவிட்டது.

உல்நார் நரம்பு. மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக உள்ளங்கைக்குள் நுழையும் நரம்பு அது. நுழைகிற இடம் ரொம்பக் குறுகல். அங்கே ஏதோ தொடர்ந்து அழுத்துகிறது.

"கையை வச்சு என்னம்மா வேலை பண்ற?"

அப்பாதான் பதில் சொன்னார். "சைக்கிள் ஓட்டுவா சார். ரேஸ் சைக்கிள். மாவட்டத்துல ரெண்டாவது."

3/
வண்டி ஆஸ்பத்திரி ஸ்டாண்டில்தான் நின்றது. ஓபி முடிந்ததும் போய்ப் பார்த்தேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய ரோடு பைக். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து வாங்கியது. ஏறி உட்காரச் சொன்னேன். அப்பா பின்னால் பிடித்துக்கொண்டார்.

முழங்கை ரெண்டும் மடங்காமல் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றன. மணிக்கட்டு பின்பக்கமாக வளைந்து, உடம்பின் பாரம் மொத்தமும் உள்ளங்கையில்.

"வண்டி கொஞ்சம் பெருசா இருக்கே?" என்றேன்.

"வளர்ற புள்ள சார். யூனிஃபார்ம் எடுக்கற மாதிரி ஒரு சைஸ் பெருசா எடுத்தா நாலு வருஷம் வரும்னு நினைச்சேன்."

4/
அப்புறம் ஃப்ரேமில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைக் காட்டினார். 54 என்று இருந்தது.

"54ன்னா என்ன சார்? வித்தவர்கிட்ட கேட்டேன், சைஸுன்னாரு. எதோட சைஸுன்னு சொல்லல."

எனக்கும் தெரியவில்லை. எம்பிபிஎஸ்ஸில் அதெல்லாம் சொல்லித் தருவதில்லை. "பார்த்துச் சொல்றேன்" என்று அனுப்பிவிட்டு அன்று ராத்திரி படிக்க ஆரம்பித்தேன். அந்த ஒரு கேள்விக்குப் பின்னால் 200 வருஷக் கதை இருக்கிறது. அதுதான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். டீ போட்டுக்கொண்டு வந்து படியுங்கள்.

5/
முதலில் நம்ம கதை. உங்களில் எத்தனை பேர் குரங்கு பெடல் போட்டு சைக்கிள் கற்றுக்கொண்டீர்கள்?

வாடகை சைக்கிள் கடையில் கால் வண்டி, அரை வண்டி, முக்கால் வண்டி என்று இருக்கும். காசு இல்லாத நாளில் அப்பாவின் முழு வண்டிதான். பார் மேல் கால் போட எட்டாது. பாருக்குக் கீழே இருக்கிற முக்கோணத்துக்குள் காலை விட்டு, இடுப்பை ஒடித்துக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாக மிதிப்போம்.

சிரிப்பாக இருக்கும். ஆனால் நாம் அங்கே ஒன்றைக் கற்றுக்கொண்டோம்: வண்டி மாறாது, நாமதான் வளைந்துகொள்ள வேண்டும். அந்தப் பாடம் தப்பு. அது தப்பு என்று கம்பெனிகளுக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

6/
1817. ஜெர்மனியின் மன்ஹைம் நகரம். கார்ல் டிரைஸ் என்பவர் இரண்டு சக்கரம் வைத்த மர வண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். பெடல் கிடையாது, செயின் கிடையாது. உட்கார்ந்தபடியே காலால் தரையை உந்தித் தள்ள வேண்டும். கால் தரையில் எட்டினால் உங்கள் சைஸ். அவ்வளவுதான் கணக்கு.

7/
1860களில் பாரிஸில் முன்சக்கரத்திலேயே பெடல் வந்தது. அடுத்த பத்து வருஷத்தில் இங்கிலாந்தில் அந்த முன்சக்கரம் ஆள் உயரத்துக்கு வளர்ந்தது. பழைய படங்களில் பார்த்திருப்பீர்கள், முன்னால் ராட்சசச் சக்கரம், பின்னால் குட்டிச் சக்கரம்.

ஏன் அவ்வளவு பெரிசு? செயின் இல்லை. பெடலை ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். சக்கரம் எவ்வளவு பெரிசோ அவ்வளவு தூரம். 52 அங்குலச் சக்கரம் ஒரு மிதிக்குச் சுமார் 4.15 மீட்டர் போகும். 60 அங்குலச் சக்கரம் சுமார் 4.79 மீட்டர் போகும்.

8/
அப்படியானால் எல்லோரும் 60 வாங்கிவிட வேண்டியதுதானே? முடியாது. சக்கரத்தின் மேல் உட்கார்ந்து பெடலின் அடிப்பகுதி வரை கால் எட்ட வேண்டும். ஆக, உங்கள் கால் நீளம்தான் உங்கள் சக்கரத்தின் சைஸ். உங்கள் சக்கரம்தான் உங்கள் வேகம்.

நெட்டையாகப் பிறந்தவன் வேகமாகப் போவான், குட்டையாகப் பிறந்தவன் பின்னால் வருவான். பெண்களும் வயதானவர்களும் மூன்று சக்கர வண்டிக்குப் போக வேண்டியதுதான்.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884ல் சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி 1886ல் யோகோஹாமாவில் முடித்து, உலகத்தைச் சுற்றினாரே, அவர் ஓட்டியது 50 அங்குல வண்டி. வழியில் லாகூரிலிருந்து கல்கத்தா வரைக்கும் இதே வண்டியில்தான் வந்தார். அந்தக் காலத்தில் "50" என்றால் எதோட சைஸ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சக்கரத்தோட சைஸ்.

9/
1885. கோவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி 'ரோவர்' என்ற சைக்கிளைக் கொண்டுவந்தார். இரண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே உயரம், பின்சக்கரத்துக்குச் செயின். 1888ல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். 1890களில் வைர வடிவ ஃப்ரேம், அதாவது நாம் குரங்கு பெடலுக்குக் காலை நுழைத்த அதே முக்கோணம், எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது.

செயின் செய்த புரட்சியை நாம் சரியாகப் பேசுவதே இல்லை. பல் சக்கரத்தை மாற்றினால் வேகம் மாறும். கால் நீளத்துக்கும் வேகத்துக்கும் இருந்த முடிச்சை அது அவிழ்த்துவிட்டது. குட்டையானவரும் நெட்டையானவரும் ஒரே சக்கரத்தில் ஓட்டலாம்.

10/
சக்கரம் எல்லோருக்கும் ஒன்று என்றால், ஆளுக்கு ஆள் எதை மாற்றுவது? சீட்டிலிருந்து பெடல் அச்சு வரைக்கும் இறங்கும் குழாயை. அதன் நீளத்தை அளந்தார்கள். இங்கிலாந்தில் அங்குலத்தில், ஐரோப்பாவில் சென்டிமீட்டரில். "ஃப்ரேம் சைஸ்" என்ற சொல் பிறந்தது இங்கேதான்.

அப்பாவின் கேள்விக்கு முதல் பதில் இது: பாரம்பரியக் கணக்கில் 54 என்றால் சீட் குழாய் 54 சென்டிமீட்டர்.

கவனியுங்கள். இப்போதும் அளந்தது காலைத்தான். கை எவ்வளவு நீளம், முதுகு எவ்வளவு நீளம், ஹேண்டில்பார் எட்டுமா? இந்த நம்பருக்கு அதெல்லாம் தெரியாது.

11/
ஏன் காலை மட்டும்? தொழிற்சாலைக்கு அதுதான் வசதி. குழாய்களை இணைக்க 'லக்' என்ற இரும்பு மூட்டுகளைப் பயன்படுத்தினார்கள். ஒவ்வொரு மூட்டுக்கும் குறிப்பிட்ட கோணம் உண்டு. மேல் பார் தரைக்கு இணையாக இருந்தால், அதே மூட்டுகளை வைத்தே குழாயை மட்டும் நீட்டிக் குறைத்து எல்லா சைஸையும் செய்துவிடலாம். அதனால்தான் நம் தாத்தா காலத்து சைக்கிள் எல்லாம் பார் நேராக, மட்டம் பார்த்த மாதிரி இருக்கும்.

நம்மூருக்கு வந்த வண்டிகளும் அப்படித்தான். 1949ல் மெட்ராஸில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டு, பிஎஸ்ஏ, ஹெர்குலஸ் எல்லாம் இங்கேயே தயாரான பிறகும், பெரிய ஆண்கள் வண்டி என்றால் 22 அங்குலம் அல்லது 24 அங்குலம். இரண்டுக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

12/
இங்கே ஒரு டாக்டர் வருகிறார்.

1896. பிரான்சின் லியோன் நகரில் எத்தியேன் டெஸ்டோ என்ற மருத்துவர் ஒரு மருத்துவ இதழில் எழுதுகிறார். விஷயம்: சைக்கிள் ஓட்டுவதால் வரும் உல்நார் நரம்பு பாதிப்பு.

இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. வைர வடிவ ஃப்ரேம் பரவி பத்து வருஷம்கூட ஆகவில்லை. என் ஓபியில் உட்கார்ந்திருந்த பெண்ணின் வியாதி அப்போதே காகிதத்தில் ஏறிவிட்டது. இன்றைக்கும் பாடப்புத்தகத்தில் இதற்கு 'சைக்கிள் ஓட்டிகளின் வாதம்' என்றுதான் பெயர்.

13/
பெண்கள் பக்கம் வருவோம். 1890களிலேயே பெண்களுக்கென்று தனி ஃப்ரேம் வந்தது. மேல் பாரைக் கீழே இறக்கிவிட்டார்கள். நாம் "லேடீஸ் சைக்கிள்" என்று சொல்வது அதைத்தான்.

ஆனால் அது யாருடைய அளவுக்காகச் செய்தது? பெண்ணின் கைக்காகவோ முதுகுக்காகவோ இல்லை. பாவாடைக்காக! உடுப்பை அளந்தார்கள், உடம்பை அளக்கவில்லை.

14/
இதில் நம் மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் எடுத்த முயற்சியில், எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். கல் குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், நர்ஸ்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள்.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் போனபோது அவர்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே எடுத்துக்கொண்டார்கள். சிலர் அதுதான் வசதி என்றார்கள். ஏன் தெரியுமா? முன்னால் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

எனக்கு அந்தப் பெண்கள் மேல் பெரிய மரியாதை உண்டு. அதே சமயம் ஒரு டாக்டராக இன்னொன்றும் தோன்றுகிறது. இங்கேயும் வளைந்து கொடுத்தது வண்டி இல்லை, அவர்கள்தான்.

15/
சரி, காசு இருக்கிறவர்கள், உலக சாம்பியன்கள், அவர்களுக்காவது வண்டி பொருந்தியதா?

எடி மெர்க்ஸ். பெல்ஜியம். டூர் டி பிரான்ஸை ஐந்து முறை வென்றவர். 1969 செப்டம்பரில் பிரான்சின் ப்ளுவா நகர டிராக்கில் பெரிய விபத்து. அவருக்கு முன்னால் மோட்டார் வண்டி ஓட்டிய ஃபெர்னான் வாம்ப்ஸ்ட் அங்கேயே இறந்துபோனார். மெர்க்ஸுக்குத் தலையில் அடி, முதுகெலும்பில் அடி, இடுப்பு பிசகிவிட்டது.

அதற்குப் பிறகு மெர்க்ஸுக்கு சைக்கிளில் உட்கார்ந்தால் வலி. விதவிதமாக ஃப்ரேம் செய்து வாங்கினார். போட்டி நடக்கும்போதே ஸ்பேனரை எடுத்து சீட் உயரத்தை மாற்றுவார்.

16/
1972ல் மெக்ஸிகோ சிட்டியில் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டி மெர்க்ஸ் உலக சாதனை படைத்தார். அந்த வண்டியைச் செய்தவர் இத்தாலியின் எர்னெஸ்டோ கொல்னாகோ. உலகத்தின் சிறந்த கைவினைஞர், உலகத்தின் சிறந்த வீரர். அப்படியிருந்தும் சரியான உட்காரும் நிலையை மெர்க்ஸ் தேடிக்கொண்டே இருந்தார்.

ஏனென்றால் விபத்துக்கு முன்னால் இருந்த உடம்பு இல்லை அது. உடம்பு மாறினால் அளவும் மாறும். ஃப்ரேமில் ஒட்டிய நம்பருக்கு இது தெரியாது.

17/
விஞ்ஞானிகளும் வந்தார்கள். 1967ல் இங்கிலாந்தில் ஹேம்லி, தாமஸ் என்ற இருவர், ஆய்வகத்தில் ஓட்டும் நிலையான சைக்கிளை வைத்துச் சோதித்து, சீட் உயரம் உள்கால் நீளத்தில் 109 சதவீதம் இருந்தால் நன்றாக ஓட்ட முடிகிறது என்றார்கள். இது பெடலின் மேல்பரப்பிலிருந்து அளப்பது.

1980களில் இன்னொரு கணக்கு பிரபலமானது. பெர்னார் இனோ, கிரெக் லெமாண்ட் இருவரையும் உருவாக்கிய பிரெஞ்சுப் பயிற்சியாளர் சிரில் கிமாரின் வழியில் வந்தது. உள்கால் நீளத்தை 0.883ஆல் பெருக்கு. பெடல் அச்சின் நடுவிலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அதுதான் உயரம். அதே உள்கால் நீளத்தை 0.65 முதல் 0.67 வரை பெருக்கினால் ஃப்ரேம் சைஸ்.

18/
அந்தப் பெண்ணுக்குப் போட்டுப் பார்த்தேன். உயரம் 160 செமீ, உள்கால் 74 செமீ.

சீட் உயரம்: 74 × 0.883 = சுமார் 65.3 செமீ.
ஃப்ரேம்: 74 × 0.65 = 48.1. 74 × 0.67 = 49.6.

அவளுக்குத் தேவை 48லிருந்து 50க்குள். வீட்டில் நிற்பது 54.

19/
"சரி சார், சீட்டை இறக்கிட்டா போச்சு" என்று தோன்றும். அவள் அப்பாவும் அதைத்தான் செய்திருந்தார். சீட் கம்பி கிட்டத்தட்ட முழுசாக உள்ளே போயிருந்தது. கால் சரியாகத்தான் எட்டியது. முட்டி வலி இல்லவே இல்லை.

இந்த இடம்தான் முக்கியம். காலுக்கான தவறைச் சீட் கம்பி சரி செய்துவிடும். கைக்கான தவறைச் சரி செய்ய அப்படி ஒரு கம்பி கிடையாது. 54 ஃப்ரேமில் மேல் பாரும் நீளம். சீட்டை இறக்கினால் பார் குறையாது. அதனால்தான் வலி காலில் வராமல் கையில் வந்தது.

20/
சின்ன ஃப்ரேம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடுமா? அங்கேயும் ஒரு பொறி இருந்தது.

கம்பெனிகள் சின்ன சைஸ் என்று சொல்லி சீட் குழாயைக் குறைத்தார்கள். மேல் பாரை அதே அளவுக்குக் குறைக்கவில்லை. குறைத்தால் முன்சக்கரம் கிட்டே வந்து, திருப்பும்போது கால் விரலில் இடிக்கும். ஆக, பேருக்குத்தான் சின்ன வண்டி. கை நீட்டம் பெரிய வண்டிக்குக் கிட்டத்தட்ட சமம்.

அமெரிக்காவில் ஜார்ஜினா டெர்ரி என்ற மெக்கானிக்கல் இன்ஜினியர், 1985ல் தன் கம்பெனியைத் தொடங்கி இதற்கு ஒரு வழி சொன்னார். முன்சக்கரத்தை மட்டும் சின்னதாக, 24 அங்குலமாக, போட்டார். சக்கரம் சின்னதானதும் பாரைக் குறைக்க இடம் கிடைத்தது. பார்க்க விநோதமான வண்டி. ஆனால் உயரம் குறைந்த பெண்கள், கை மரத்துப்போகாமல் ஓட்டினார்கள். பாவாடையை விட்டுவிட்டுக் கையை அளந்தது பெரிய விஷயம்.

21/
1997. தைவானின் ஜெயண்ட் கம்பெனிக்காக இங்கிலாந்தின் மைக் பரோஸ் டிசிஆர் என்ற ரோடு பைக்கை வடிவமைத்தார். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் கிறிஸ் போர்ட்மேன் தங்கம் வென்றாரே, அந்த லோட்டஸ் சைக்கிளுக்குப் பின்னால் இருந்தவரும் இவர்தான்.

டிசிஆரில் மேல் பார் பின்பக்கமாகச் சரிந்திருக்கும். சீட் கம்பி நீளம். ஏறி இறங்கச் சுலபம். பத்து சைஸ் செய்வதற்குப் பதிலாக எஸ், எம், எல் என்று மூன்றே சைஸ். மீதியைச் சீட் கம்பியும் ஹேண்டிலைப் பிடிக்கும் ஸ்டெம்மும் பார்த்துக்கொள்ளும்.

நல்ல வடிவமைப்பு. கடைக்காரருக்கு ஸ்டாக் வைக்கவும் வசதி. இன்றைக்குப் பெரும்பாலான ரோடு பைக்குகள் இந்த வழியில்தான் வருகின்றன.

22/
ஆனால் இதனால் பழைய நம்பர் செத்துப்போனது.

பார் சரிந்துவிட்டதால் சீட் குழாய் குட்டையாகிவிட்டது. அளந்தால் 47 வரும். ஸ்டிக்கரில் 54 என்று இருக்கும். "பார் நேராக இருந்திருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அந்த அளவு" என்று ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு கம்பெனியின் 54 இன்னொரு கம்பெனியின் 52க்குச் சமமாக இருக்கலாம். ஒருவரின் எம் இன்னொருவரின் எஸ்.

அப்பாவின் கேள்விக்கு இரண்டாவது பதில் இது: இப்போதெல்லாம் 54 என்பது ஒரு பெயர். அது அளவே இல்லை.

போதாக்குறைக்கு, நம்மூர்க் கடைகளில் "24 இன்ச், 26 இன்ச்" என்றால் பெரும்பாலும் சக்கரத்தின் சைஸ். அதை ஃப்ரேம் சைஸ் என்று நினைத்து வாங்குபவர்கள் நிறைய.

23/
இந்தக் குழப்பத்துக்கு முடிவு கட்டியது அமெரிக்காவின் டிரையத்லான் உலகம். 2000களின் தொடக்கத்தில் டான் எம்ப்ஃபீல்ட் என்பவர் இரண்டே அளவுகளை முன்வைத்தார். கனடாவின் செர்வேலோ கம்பெனி தன் வண்டிகளுக்கு அதை வெளியிட ஆரம்பித்தது. பிறகு மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள்.

பெடல் அச்சின் நடுவிலிருந்து நேர் மேலே ஒரு கோடு. ஹேண்டில் கழுத்துக் குழாயின் மேல்முனையிலிருந்து பின்னால் ஒரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடம் வரை,
உயரம் = ஸ்டாக்.
முன்னோக்கிய தூரம் = ரீச்.

சீட் எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், பார் சரிந்தாலும் நேராக இருந்தாலும், இந்த இரண்டும் மாறாது. எந்தக் கம்பெனியோடும் ஒப்பிடலாம்.

எளிமையான யோசனை. காலை விட்டுவிட்டுக் கை எங்கே போய்ச் சேரும் என்று அளக்கிறது. ரோவர் வந்து இதற்கு 100 வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

24/
மருத்துவத்தில் எங்களுக்கு ஒரு பழைய பாடம் உண்டு: ரிப்போர்ட்டுக்கு வைத்தியம் பார்க்காதே, ஆளைப் பார்த்து வைத்தியம் பார். எது சுலபமாக அளக்க வருகிறதோ அதையே முக்கியம் என்று நினைத்துவிடுவது மனித இயல்பு. சைக்கிள்காரர்கள் காலை அளந்தார்கள், ஏனென்றால் கால் அளக்கச் சுலபம். நாங்களும் பல நேரம் அப்படித்தான். அதனால் அவர்களைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

25/
ரோடு பைக் வாங்கப் போகிறவர்களுக்குச் சுருக்கமாக:

• செருப்பில்லாமல் சுவரில் சாய்ந்து நில்லுங்கள். ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில், சீட்டில் உட்கார்ந்தால் அழுத்துகிற அளவுக்கு மேலே ஏற்றுங்கள். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரை உங்கள் உள்கால் அளவு. × 0.883 = தோராயமான சீட் உயரம்.

• பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் சுமார் 25 முதல் 35 டிகிரி மடங்கியிருக்க வேண்டும். சீட் ரொம்பத் தாழ்ந்தால் முட்டியின் முன்பக்கம் வலிக்கும். ரொம்ப உயர்ந்தால் பின்பக்கம் வலிக்கும், இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும்.

• பாரின் மேல் இரண்டு காலையும் போட்டு நின்றால் இடைவெளி இருக்க வேண்டும். இடித்தால் அந்த வண்டி வேண்டாம்.

26/
• ஹேண்டில்பாரில் பிரேக் பிடியின் மேல் கை வைத்தால் முழங்கை லேசாக மடங்க வேண்டும். கையை எடுத்தால் உடம்பு முன்னால் சரிந்து விழக்கூடாது. விழுந்தால் உங்கள் பாரத்தை உள்ளங்கைதான் சுமக்கிறது என்று அர்த்தம்.

• கம்பெனியின் வலைத்தளத்தில் ஸ்டாக், ரீச் அட்டவணை இருக்கும். பழைய வண்டி உங்களுக்குப் பொருந்தியிருந்தால், அதன் அளவோடு ஒப்பிடுங்கள். எம், எல் எழுத்தை நம்ப வேண்டாம்.

• இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டிக்கொண்டால், பொதுவாகச் சின்னதை எடுங்கள். சின்ன வண்டியை நீளமான ஸ்டெம் போட்டு வளர்க்கலாம். பெரிய வண்டியைக் குறைக்க இடம் ரொம்பக் கம்மி. முதுகு வளையாதவர்கள் மட்டும் ஸ்டாக் அதிகமாக உள்ள மாடலாகப் பார்த்து எடுங்கள்.

• வளர்கிற பிள்ளைக்கு யூனிஃபார்ம் பெரிசாக எடுக்கலாம், மடித்துத் தைக்கலாம். ஃப்ரேமை மடித்துத் தைக்க முடியாது.

27/
• ஓட்டிய பிறகு விரல் மரத்துப்போவது அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, பிடிமானம் குறைந்தாலோ, பிறப்புறுப்புப் பகுதி மரத்துப்போனாலோ, ஓட்டுவதை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். கிளவுஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம். ஃப்ரேம் மட்டுமே காரணம் என்றும் இல்லை. நீண்ட நேரம் ஒரே பிடியில் ஓட்டுவது, மோசமான ரோடு, டயரில் அதிகக் காற்று, இவையும் சேரும். ஆனால் ஃப்ரேம் தப்பாக இருந்தால் மற்றதைச் சரி செய்வது கஷ்டம்.

28/
அந்தப் பெண்ணின் அப்பா அடுத்த வாரம் வந்தபோது மாத்திரை எழுதித் தருவேன் என்று நினைத்தார். பி காம்ப்ளெக்ஸ் எழுதி அனுப்பியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான் சொன்னது, "வண்டியை மாத்தணும். அதுவரைக்கும் ஓட்டக்கூடாது."

அவர் முகம் மாறிவிட்டது. சங்கிலி இன்னும் அடகில்தான் இருந்தது. நான்கு வாரத்தில் அடுத்த போட்டி. "கொஞ்சம் பொறுத்து மாத்திக்கலாமா சார்?" என்று கேட்டார். "கை சதை வத்திப்போச்சுன்னா அப்புறம் போட்டியும் இல்லை, பேனாவும் இல்லை" என்றேன். கடுமையாகச் சொல்லிவிட்டோமோ என்று ராத்திரி முழுக்க யோசித்தேன்.

29/
அவளுடைய பயிற்சியாளர் உதவினார். 54ஐ விற்று, 49 என்று எழுதியிருந்த இன்னொரு பழைய வண்டியை வாங்கினார்கள். இந்த முறை ஸ்டிக்கரை நம்பவில்லை, டேப் வைத்து அளந்து வாங்கினார்கள். மேல் பார் மட்டும் மூன்று செமீ குறைவு. ஸ்டெம்மும் ஒரு செமீ குறைத்தார்கள். மாற்றியதில் மூவாயிரம் ரூபாய் நஷ்டம். அந்தப் போட்டிக்கு அவள் போகவில்லை.

30/
இரண்டு மாதம் கழித்து வந்தாள். அதே ஓபி சீட்டு, அதே விரல் இடுக்கு. இழுத்தேன். சீட்டு வரவில்லை.

அப்பா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "54ன்னா என்னன்னு கேட்டீங்களே, இப்ப சொல்லட்டுமா?" என்றேன்.

"வேண்டாம் சார், தெரிஞ்சுபோச்சு" என்றார். "அது வண்டியோட நம்பர். எம் பொண்ணோடது இல்ல."

இதுக்கு மேல் நான் சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டில் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கப் போகிறவர் யாராவது இருந்தால் அவருக்கு இதை அனுப்புங்கள்.